அதிர்ச்சிக்குப் பிறகு எத்தனை நாள்?



இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்ட ஒருவருக்கு மார்பில் மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கலாம் என்று முடிவானதும், வார்டுக்கு வெளியே நிற்கும் மகனோ மருமகளோ கேட்பது ஒரே கேள்விதான்: "ஷாக் வெச்சா சரியாயிடுமா டாக்டர்?" அந்தக் கேள்விக்கு மருத்துவம் இன்று என்ன பதில் தர முடியும், அந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே என் பேச்சின் பொருள்.

அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஷாக் கொடுத்த அந்த நிமிடத்தில் துடிப்பு சீராகுமா என்பது ஒன்று. சீரானது நிலைத்து நிற்குமா, நின்றால் எத்தனை நாள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நம்மிடம் நல்ல விடை இருக்கிறது. குடும்பத்தார் கேட்பதோ இரண்டாவதை. அவசரத்தில் நாம் முதல் கேள்வியின் விடையை எடுத்து இரண்டாவதற்குக் கொடுத்துவிடுகிறோம். "நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியாகிவிடும்" என்கிறோம். அதை அவர்கள் ஆயுள் கணக்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பழைய படபடப்போடு திரும்பி வரும்போது, தங்களை யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அவையில் மருத்துவம் படிக்காதவர்களும் இருப்பதால் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் வலது மேலறையில், உச்சிப் பகுதியில், சைனஸ் கணு என்ற சிறு திசுத் திட்டு இருக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அதிலிருந்து மின் தூண்டல் கிளம்பி, மேலறைகளில் பரவி, கீழறைகளுக்கு இறங்குகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற மேலறை நடுக்கத்தில் இந்த ஒழுங்கு போய்விடுகிறது. மேலறைத் தசை துண்டு துண்டாக, நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல், சிலரிடம் 500-ஐயும் தாண்டித் துடிக்கிறது. தேர் வடத்தைப் பிடித்த அத்தனை பேரும் ஒரே குரலுக்கு இழுத்தால் தேர் நகரும். ஆளாளுக்குத் தோன்றியபோது இழுத்தால் எல்லாக் கைகளும் களைத்துப்போகும், தேர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். மேலறைக்கு நேர்வது அதுதான். அங்கிருந்து வரும் தூண்டல்களில் சிலவே கீழறைக்குள் நுழைகின்றன, அவையும் ஒழுங்கில்லாமல். கையைப் பிடித்து நாடி பார்த்தால் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. மூச்சிரைப்பு, அசதி, மாடி ஏற முடியாமை வருகின்றன. அசையாத மேலறையின் ஓரத்துப் பையில் ரத்தம் தேங்கி உறைந்து, கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஷாக் செய்வது எளிய காரியம். மேலறைத் தசையின் பெரும்பகுதியை ஒரே கணத்தில் தூண்டிவிடுகிறது. அப்போது சுற்றிக்கொண்டிருந்த அலைகளுக்கு ஓட இடமில்லாமல் போகிறது. அந்த அமைதியில் சைனஸ் கணு மறுபடி பொறுப்பேற்கிறது. ஏற்றால் வெற்றி.

இந்த முறை நம் கைக்கு வந்தது 1962-இல். பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகம் மருத்துவமனையில் பணியாற்றிய பெர்னார்ட் லவுன் அந்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரையில், மின்தேக்கியில் சேமித்த நேர்மின்சாரத்தை இதயத்தின் துடிப்போடு பொருத்திச் செலுத்தினால் பல வகைத் தாளக் கோளாறுகளை நிறுத்தலாம் என்று காட்டினார். அந்தக் கட்டுரையில் லவுனின் பெயருக்கு அடுத்து நிற்கும் பெயர் அமரசிங்கம். மூன்றாவது பெயர் நியூமன். கருவியை உருவாக்கித் தந்தவர் பாரூக் பெர்கோவிட்ஸ் என்ற பொறியாளர். மின்தேக்கியின் நேர்மின்சாரத்தைச் சோவியத் நாட்டில் நவூம் குர்விச் அதற்கு முன்பே விலங்குகளில் ஆராய்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை. லவுனுக்கு முன், 1956-இல், பால் ஸோல் என்ற மருத்துவர் மூடிய மார்பின் வழியே கொடுத்தது மாறுமின்சாரம். உயிர் போகும் நிலையில் அது உதவியது. ஆனால் மேலறை நடுக்கம் போன்ற, உடனே உயிருக்கு ஆபத்தில்லாத கோளாறுக்கு அதைப் பயன்படுத்தினால் கீழறையே நடுங்கத் தொடங்கி உயிர் போகக்கூடும். ஈசிஜியில் டி அலையின் உச்சிக்குச் சற்று முன்னால், ஒரு நொடியில் மிகச் சிறு பகுதி நேரம், கீழறைக்கு அபாயமான வேளை ஒன்று இருக்கிறது. அந்த வேளையைத் தவிர்த்து, ஆர் அலையோடு பொருத்தி அதிர்ச்சி விழும்படி செய்ததே லவுனின் பெரிய கொடை. இன்றைய கருவிகளில் 'சிங்க்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது அந்தச் சிந்தனை. பல கருவிகளில் ஒவ்வொரு ஷாக்குக்குப் பின்னும் அந்தப் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். மாணவர்கள் இன்று என் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

லவுன் பின்னாளில் அணு ஆயுதப் போருக்கு எதிராக மருத்துவர்களைத் திரட்டியவர். சோவியத் மருத்துவர் யெவ்கேனி சாசோவுடன் சேர்ந்து அவர் தொடங்கிய அமைப்புக்கு 1985-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஓர் இதயத்துக்காகக் கணத்தை அளந்த அதே கவனத்தை அவர் உலகத்தின் மேலும் வைத்திருந்தார்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். அந்த நிமிடத்தில் பலிக்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இயற்பியல். மேலறைத் தசையை எட்டும் மின்னோட்டம் போதுமான அளவு இருந்தால் நடுக்கம் நிற்கும். மார்பின் தடை அதிகமாக இருந்தால், அதாவது உடல் பருமனோ நுரையீரலில் காற்றோ அதிகமாக இருந்தால், எட்டும் மின்னோட்டம் குறைகிறது. இங்கே மருத்துவர் கையில் நிறைய இருக்கிறது.

மின்னலையின் வடிவத்தையே பாருங்கள். பழைய கருவிகள் மின்னோட்டத்தை ஒரே திசையில் செலுத்தின. இன்றைய கருவிகள் ஒரு திசையில் போய்த் திரும்பி வரும் இருகட்ட அலையைச் செலுத்துகின்றன. 2000-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் பழைய அலையில் 79 சதவீதமாக இருந்த வெற்றி, இருகட்ட அலையில், அதுவும் குறைந்த ஆற்றலில், 94 சதவீதமானது. அடுத்தது ஆற்றலின் அளவு. குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவதுதான் இதயத்துக்கு இதம் என்று நெடுங்காலம் நினைத்தோம். டென்மார்க்கில் நடந்து 2020-இல் வெளியான செஸ் ஆய்வு 276 நோயாளிகளில் இதைச் சோதித்தது. 125, 150, 200 ஜூல் என்று ஏற்றிக்கொண்டு போனவர்களில் 66 சதவீதம் பேருக்கு நடுக்கம் நின்றது. எடுத்த எடுப்பிலேயே 360 ஜூல் கொடுத்தவர்களில் 88 சதவீதம். இதயத் தசைக்குக் கூடுதல் காயம் தென்படவில்லை. மயக்க மருந்தில் கிடப்பவருக்கு மூன்று முறை தயங்கித் தயங்கிக் கொடுப்பதைவிட ஒரே முறை உறுதியாகக் கொடுப்பது நல்லது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

ஷாக் கொடுக்கும் பட்டைகளை எங்கே ஒட்டுவது என்ற கேள்வியின் கதை இன்னும் படிப்பினை தருவது. 2002-இல் ஜெர்மனியில் கிர்ஷ்ஹோஃப் குழுவினர், ஒன்றை மார்பிலும் ஒன்றை முதுகிலும் ஒட்டினால் 96 சதவீதம், இரண்டையும் முன்பக்கமும் பக்கவாட்டிலும் ஒட்டினால் 78 சதவீதம் என்று கண்டார்கள். முதுகுப் பக்கம் ஒட்டுவதே சரி என்று பாடப்புத்தகம் எழுதிவிட்டது. அந்த ஆய்வில் இருந்தவை பழைய ஒருகட்டக் கருவிகள். இருகட்ட அலை வந்த பிறகு, 2021-இல், டென்மார்க்கின் எபிக் ஆய்வு 468 பேரில் அதே கேள்வியை மறுபடி கேட்டது. இம்முறை விடை தலைகீழ். முதல் ஷாக்கில் முன்-பக்கவாட்டு ஒட்டலுக்கு 54 சதவீதம், முன்-பின் ஒட்டலுக்கு 33 சதவீதம். இரண்டும் நேர்மையாக, நன்றாகச் செய்யப்பட்ட ஆய்வுகள். கருவி மாறியதும் முன்கணிப்பு மாறிவிட்டது. "இந்த நோயாளிக்கு ஷாக் பலிக்காது" என்று ஒருவர் சொன்னால், எந்தக் கருவியில், எத்தனை ஜூலில், எங்கே ஒட்டி என்று நான் திருப்பிக் கேட்பேன். அவற்றைச் சொல்லாத முன்கணிப்பு பாதி முன்கணிப்புதான்.

மருந்தும் உண்டு. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் ஷாக்குக்கு முன் இபுடிலைடு என்ற மருந்தை நரம்பில் ஏற்றிய 50 பேரில் 50 பேருக்கும் நடுக்கம் நின்றது. மருந்தில்லாமல் கொடுத்த 50 பேரில் 36 பேருக்கு மட்டுமே நின்றது. அந்த மீதி 14 பேருக்கும் பிறகு மருந்தைக் கொடுத்து ஷாக் வைத்தபோது எல்லாருக்கும் பலித்தது. 'தோற்றவர்' என்று எழுதப்பட்ட அந்த 14 பேரின் மேலறையில், ஒரே மருந்தால் மாற்றிவிட முடியாத எதுவும் இல்லை.

மேசையருகே நிற்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். ஷாக் விழுந்ததும் மானிட்டரில் ஒழுங்கான துடிப்பு ஒன்றுகூட வராமல் நடுக்கம் அப்படியே தொடர்ந்தால் அது ஷாக்கின் தோல்வி. ஒழுங்கான துடிப்புகள் இரண்டு மூன்று வந்து, சில நொடிகளில் நடுக்கம் மறுபடி தொடங்கினால் அது வேறு சங்கதி. அங்கே ஷாக் ஜெயித்துவிட்டது, மேலறைதான் தாங்கவில்லை. முதல் வகைக்கு ஆற்றலைக் கூட்ட வேண்டும், பட்டையை இடம் மாற்ற வேண்டும், அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு ஜூலைக் கூட்டிப் பயனில்லை. மேலறையை அமைதிப்படுத்தும் மருந்து வேண்டும். கேஸ் ஷீட்டில் இரண்டையும் 'பலிக்கவில்லை' என்ற ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். அந்த ஏடுகளைத் தோண்டி எடுத்துச் செய்யும் முன்கணிப்பு ஆய்வுகளும் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகின்றன.

இரண்டாவது கேள்வி கடினமானது. அதற்கு ஒரே ஓர் ஆய்வின் எண்களைச் சொல்கிறேன். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்த சேஃப்-டி ஆய்வு 2005-இல் வெளியானது. நீடித்த மேலறை நடுக்கம் உள்ள 665 பேர். அமியோடரோன், சோட்டலால், வெற்று மாத்திரை என மூன்று பிரிவு. மருந்திலேயே சீராகாதவர்களுக்கு ஷாக். அதன் பிறகு எத்தனை நாளில் நடுக்கம் திரும்பியது என்று பார்த்தார்கள். இடைநிலைக் கணக்கில் அமியோடரோன் பிரிவில் 487 நாள். சோட்டலால் பிரிவில் 74 நாள். வெற்று மாத்திரைப் பிரிவில் 6 நாள்.

ஆறு நாள். ஷாக் மேசையில் கைகுலுக்கிக்கொள்ளும் வெற்றிக்கும் ஒரு வாரம்கூட நிற்காத சீரான துடிப்புக்கும் இடையிலான தூரம் அது. அமியோடரோன் எளிய மருந்தில்லை. தைராய்டையும் நுரையீரலையும் கல்லீரலையும் அது சோதிக்கும், மாதக் கணக்கில் கண்காணிக்க வேண்டும். ஆனாலும் 487-க்கும் 6-க்கும் நடுவே உள்ள வேறுபாட்டை நோயாளியிடம் சொல்லாமல் ஷாக்குக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்குவதை என்னால் முழுமையான ஒப்புதலாக ஏற்க முடியாது.

ஏன் நிற்பதில்லை? இதற்கு விடை தந்தவை ஆடுகள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மொரிட்ஸ் அல்லெஸ்ஸியின் ஆய்வகத்தில் வைஃபெல்ஸ் குழுவினர் ஆடுகளின் மேலறையில் மின்கம்பிகளைப் பொருத்தி, நடுக்கத்தை மறுபடி மறுபடி தூண்டினார்கள். முதலில் சில நொடிகளில் தானே அடங்கிய நடுக்கம், நாட்கள் போகப் போக நிமிடங்களாகி, மணி நேரங்களாகி, கடைசியில் அடங்காமலே நின்றது. நடுக்கமே நடுக்கத்தை வளர்க்கிறது என்று 1995-இல் எழுதினார்கள். தசைச் செல்கள் வேகத்துக்குப் பழகித் தங்கள் மின்குணத்தை மாற்றிக்கொள்கின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அவை எடுக்கும் ஓய்வு சுருங்குகிறது. நல்ல சேதி என்னவென்றால், நடுக்கத்தை நிறுத்தினால் இந்த மின்மாற்றம் சுமார் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. கெட்ட சேதி, மாதங்களும் ஆண்டுகளும் நடுங்கிய மனித மேலறையில் தசைக்கு நடுவே நார்த்திசு படர்ந்துவிடுகிறது, அறை விரிந்துவிடுகிறது. அவை ஒரு வாரத்தில் மாறுவதில்லை.

எனவே முன்கணிப்பில் மிகப் பெரிய இடம் காலத்துக்கு. நடுக்கம் தொடங்கி எத்தனை நாளாகிறது? முதல் முறையா, பலமுறை வந்ததா? அடுத்து, எக்கோவில் இடது மேலறையின் அளவு. குறுக்களவு 45 மில்லிமீட்டரைத் தாண்டினால் சீரான துடிப்பு நெடுநாள் நிற்பது அரிது என்று 1976-லேயே எழுதிவிட்டார்கள். இன்று விட்டத்தைவிடக் கொள்ளளவை நம்புகிறோம், ஆனால் அடிப்படைச் செய்தி அன்று சொன்னதுதான். இதோடு வயது, இதயச் செயலிழப்பு, வால்வு நோய் எல்லாம் சேரும்.

இவற்றைக் கூட்டி மதிப்பெண் போடும் முயற்சிகள் பல. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் தந்த பட்டியல் எனக்குப் பிடித்தது, எளிமைக்காக. திடீரென்று நடுக்கம் வந்து இரண்டு நாளுக்குள் மருத்துவமனைக்கு வருபவர்களுக்கானது அது. வயது, இது முதல் முறையா, இதயச் செயலிழப்பு உண்டா, ரத்தக்குழாய் நோய் உண்டா, போன முறை வந்து எத்தனை நாளாயிற்று. ஐந்தே கேள்விகள், ஐந்தும் படுக்கையருகே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை, கருவி எதுவும் வேண்டியதில்லை. வெற்றி என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோலும் எனக்குப் பிடிக்கும். ஷாக் பலிக்காததை மட்டும் தோல்வியாக எண்ணாமல், 30 நாளுக்குள் நடுக்கம் திரும்பியதையும் தோல்வியாகவே எண்ணினார்கள்.

இன்னொரு வழி ஈசிஜியின் உள்ளே தேடுவது. மேலறை நடுக்கத்தில் அடிக்கோடு நேராக இருக்காது. சிறு சிறு அலைகள் இருக்கும். வி1 என்ற இணைப்பில் அவை நன்றாகத் தெரியும். கீழறையின் பெரிய அலைகளைக் கணினியால் கழித்துவிட்டு மீதியை ஆராய்ந்தால், நடுக்கத்தின் வேகத்தையும் அதில் எவ்வளவு ஒழுங்கு மிச்சமிருக்கிறது என்பதையும் அளக்கலாம். ஸ்பெயினில் ராவுல் அல்கராஸ், ஹோசே ரியேட்டா இருவரும் இந்த ஒழுங்கின்மையை எண்ணாக்க நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். அலைகள் மெதுவாகவும் ஓரளவு ஒழுங்காகவும் இருந்தால் சீரான துடிப்பு நிற்க வாய்ப்பு அதிகம். வேகமாகவும் கலைந்தும் இருந்தால் குறைவு. ஊசி குத்தாமல், கூடுதல் செலவில்லாமல், சிறிய ஊர் மருத்துவமனையில் எடுக்கும் ஈசிஜியிலேயே மேலறையின் உள்நிலையைப் படிக்க முடியும் என்பது எனக்கு உண்மையான நம்பிக்கை தரும் விஷயம். ஆடுகளில் கண்ட அந்த ஓய்வுச் சுருக்கத்தைத்தான் நாம் தோலுக்கு வெளியே இருந்து அளக்கிறோம்.

இப்போது கணினிக்குப் பல்லாயிரம் ஈசிஜிகளைக் கொடுத்துத் தானே கற்றுக்கொள்ளவிடும் முறைகள் வந்திருக்கின்றன. இங்கே இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் மருத்துவமனையில் நூறு பேருக்கு ஷாக் கொடுத்தால் தொண்ணூறு பேருக்கு அந்த நிமிடத்தில் பலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளியைப் பார்க்காமலே 'எல்லாருக்கும் பலிக்கும்' என்று சொல்பவரும் 90 சதவீதம் சரியாகவே சொல்லியிருப்பார். ஆகவே 'எங்கள் கணிப்பு 90 சதவீதம் துல்லியம்' என்ற வரி தனியாக எதையும் சொல்வதில்லை. தோற்கப்போகும் அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேரை முன்கூட்டியே கண்டுபிடித்தது, பலித்திருக்கக்கூடிய எத்தனை பேரைத் தவறாகத் தள்ளிவிட்டது என்று கேளுங்கள். கற்றுக்கொடுத்த ஈசிஜிகளிலேயே சோதித்தார்களா, வேறு ஊரின் நோயாளிகளில் சோதித்தார்களா என்று கேளுங்கள். வெற்றி என்று அவர்கள் எண்ணியது ஒரு நிமிடமா, ஒரு மாதமா, ஓராண்டா என்று கேளுங்கள்.

ஷாக்கே தேவைப்படாமல் போகிறவர்களும் உண்டு. நெதர்லாந்தின் ரேஸ் 7 ஆய்வு 2019-இல் வெளியானது. நடுக்கம் தொடங்கி 36 மணி நேரத்துக்குள் வந்த, நிலைமை மோசமாகாத 437 பேர். பாதிப் பேருக்கு உடனே சீராக்கும் சிகிச்சை. மீதிப் பேருக்கு வேகத்தைக் குறைக்கும் மருந்து மட்டும் கொடுத்து, 48 மணி நேரத்துக்குள் சரியாகாவிட்டால் சிகிச்சை. காத்திருந்தவர்களில் 69 சதவீதம் பேருக்குத் தானாகவே சீரானது. நான்கு வாரம் கழித்து இரு பிரிவிலும் சீரான துடிப்போடு இருந்தவர்கள் ஏறத்தாழ சமம்: 91, 94 சதவீதம். வந்தவுடனே ஷாக் கொடுத்தால் இந்த 69 சதவீதமும் ஷாக்கின் கணக்கில் போய்ச் சேரும். வந்து சில மணி நேரமே ஆனவர்களுக்கு முன்கணிப்பு ஏன் அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

இப்போது நம் மண்ணுக்கு வருகிறேன். இதுவரை சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலும் இருந்தவர்கள் அறுபதைத் தாண்டிய, ரத்த அழுத்தம் உள்ள, வால்வு நன்றாக இருந்த மேலை நாட்டவர்கள். நம் வார்டில் கிடப்பவர்களில் ஒரு பகுதியினர் சிறுவயதுத் தொண்டை வலியில் தொடங்கிய ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போன முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். அவர்களில் பலர் பெண்கள். கடுமையான மைட்ரல் சுருக்கம் உள்ளவர்களை மேலை நாட்டு ஆய்வுகள் பொதுவாகச் சேர்ப்பதே இல்லை. அவர்களுடைய மேலறை விரிந்தது வயதாலன்று. வால்வின் பின்னே ஆண்டுக்கணக்கில் தேங்கிய அழுத்தத்தால். பலூனால் வால்வைத் திறந்தோ அறுவை செய்தோ அந்த அழுத்தத்தை இறக்காமல் ஷாக் கொடுத்தால், முன்கணிப்புக்கு மதிப்பெண் பட்டியல் எதுவும் தேவையில்லை, திரும்பி வரும். அழுத்தத்தை இறக்கிய பிறகு கதை மாறுகிறது. மும்பையில் வோரா குழுவினர் 144 ருமாட்டிக் நோயாளிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவதைவிடத் தாளத்தைச் சீராக்கி வைத்திருக்க முயல்வது அவர்களுக்கு நன்மை தந்தது. அதே காலத்தில், 2002-இல், 4,060 பேரைக் கொண்ட அமெரிக்காவின் அஃபர்ம் ஆய்வு இரண்டு வழிகளுக்கும் உயிர்க்காப்பில் வேறுபாடில்லை என்று சொல்லியிருந்தது. முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் மைட்ரல் வால்வும் எழுபது வயது அமெரிக்கரின் ரத்த அழுத்தமும் ஒரே நோயாகாது. நமக்கு நம் நோயாளிகளின் ஏடுகளிலிருந்து எழுந்த முன்கணிப்பு வேண்டும்.

ரத்த உறைவைத் தடுக்கும் மருந்திலும் இதே பாடம். 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவின் ருமாட்டிக் நோயாளிகள் நான்காயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது. அதை நடத்தியவர்களில் அப்போது டெல்லி எய்ம்ஸில் இருந்த கணேசன் கார்த்திகேயன் முக்கியமானவர். புதிய, விலை கூடிய மருந்தான ரிவராக்சபானைவிட, ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரைகளில் இறப்பு குறைவாக இருந்தது. நம் ஊர் நோயாளிகள் 'அசிட்ரோம்' என்று சீட்டில் எழுதி வாங்கும் மாத்திரையும் அந்தப் பழைய வகையைச் சேர்ந்ததுதான்.

இந்த மாத்திரை விஷயத்தில் சற்று நிற்கிறேன். ஷாக் நிறுத்துவது நடுக்கத்தை மட்டுமே. மேலறை மின்னால் சீரான பிறகும் சில நாட்கள், சில வாரங்கள், தசை சோர்ந்தே கிடக்கும், ரத்தம் தேங்கும், கட்டி உருவாகலாம், பழைய கட்டி நகரலாம். 1969-லேயே நார்வேயின் பியர்கெலுண்டும் ஓர்னிங்கும் காட்டினார்கள்: உறைவுத் தடுப்பு மருந்து இல்லாமல் ஷாக் பெற்றவர்களில் 5.3 சதவீதம் பேருக்குக் கட்டி போய் அடைத்தது. மருந்தோடு பெற்றவர்களில் 0.8 சதவீதம். அதனால்தான் நடுக்கம் இரண்டு நாளைத் தாண்டியிருந்தால் ஷாக்குக்கு முன் மூன்று வாரம் மருந்து, அல்லது உணவுக்குழாய் வழியே எக்கோ எடுத்துக் கட்டியில்லை என்று உறுதிசெய்தல்; அதற்குப் பின் குறைந்தது நான்கு வாரம் மருந்து. பக்கவாத அபாயம் உள்ளவருக்குச் சீரான துடிப்பு நின்றாலும் மாத்திரை தொடர வேண்டும். "ஷாக் பலிச்சிடுச்சு, இனி மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், வாய் கோணி, கை விழுந்து வருகிறார்கள். 'பலித்தது' என்ற சொல்லை நாம் கவனமில்லாமல் பயன்படுத்துவதற்கு நோயாளி கொடுக்கும் விலை அது.

முன்கணிப்பின் சிறந்த பயன் எது என்று கேட்டால், மாற்றக்கூடியதைக் கண்டுபிடிப்பது என்பேன். வயதை மாற்ற முடியாது. குறட்டையை மாற்றலாம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் உள்ளவர்களுக்கு ஷாக் கொடுத்து ஓராண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2003-இல் வெளியானது: அந்த நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெறாதவர்களில் 82 சதவீதம் பேருக்கு நடுக்கம் திரும்பியது, இரவில் காற்றழுத்தக் கருவி போட்டுக்கொண்டவர்களில் 42 சதவீதம் பேருக்கு.  குறட்டை விடுகிறாரா என்று மனைவியிடம் கேட்க ஒரு நிமிடம் போதும். மதுவையும் அப்படியே சொல்லலாம். வழக்கமாகக் குடிக்கும் 140 நோயாளிகளை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், குடியை விட முயன்றவர்களில் 53 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்கும் நடுக்கம் திரும்பியது. எடைக் குறைப்பு, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, ஷாக்குக்கு முன்பே தைராய்டு மிகையைச் சரிசெய்தல், பொட்டாசியம் பார்த்தல் இவையும் இந்தப் பட்டியலில் வரும்.

காபியைப் பற்றி நிச்சயம் கேட்பீர்கள். 2025-இல் வெளியான டிகாஃப் ஆய்வில், ஷாக் பெறவிருந்த 200 காபிப் பிரியர்களில் பாதிப் பேரைக் காபி குடிக்கச் சொன்னார்கள், பாதிப் பேரை நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் நடுக்கம் திரும்பியது குடித்தவர்களில் 47 சதவீதம், நிறுத்தியவர்களில் 64 சதவீதம். வேறு தடை இல்லாதவரிடம் காலை டம்ளரைப் பிடுங்க வேண்டியதில்லை.

நீடித்த நடுக்கம் உள்ளவர்கள் பலர் தங்கள் மூச்சிரைப்புக்கும் அசதிக்கும் பழகிப்போயிருப்பார்கள். "வயசாயிடுச்சு, அதான்" என்பார்கள். அந்த அசதி வயதாலா, நடுக்கத்தாலா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, ஷாக் கொடுத்துப் பார்ப்பது. துடிப்பு சீராக இருக்கும் அந்த இரண்டு வாரத்தில் அவர் கோவிலுக்கு நடந்து போய் வந்தார், மாடிப்படியில் நிற்காமல் ஏறினார் என்றால், நடுக்கம் திரும்பினாலும் அந்த ஷாக் வீணில்லை. வடிகுழாய் வழியே மேலறைத் திசுவைச் சுட்டுச் சீராக்கும் அப்லேஷன் அவருக்கு உதவும் என்று நம்பிச் சொல்லலாம். தாமதிக்காமல் சொல்லவும் வேண்டும், ஏனென்றால் நடுக்கம் நீளும் ஒவ்வொரு மாதமும் மேலறையில் எழுதப்படுகிறது. நோயைக் கண்டுபிடித்த ஓராண்டுக்குள் தாளத்தைச் சீராக்க முனைந்தால் பக்கவாதமும் இதயச் சாவும் குறைகின்றன என்று 2020-இல் வெளியான ஈஸ்ட் ஆய்வு காட்டிவிட்டது. மாறாக, துடிப்பு சீராக இருந்தபோதும் அவருக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை என்றால், வேகத்தைக் கட்டுப்படுத்தி, உறைவுத் தடுப்பு மருந்தைத் தொடர்ந்து, அவரை நிம்மதியாக இருக்கவிடலாம். மதிப்பெண் பட்டியலில் தோல்வி என்று எழுதப்படும் ஷாக்குகளில் பல, மருத்துவருக்கும் நோயாளிக்கும் அடுத்த அடியைக் காட்டிக்கொடுத்தவை.

இதற்கு வேண்டியது ஒரு பழக்கம். ஷாக்குக்கு முந்தைய மாலையே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்: நாளை சீராவதற்கு வாய்ப்பு மிக அதிகம், நிலைப்பது வேறு கணக்கு, திரும்பினால் அது உங்கள் தவறும் இல்லை, எங்கள் தவறும் இல்லை, அப்போது என்ன செய்வது என்று இப்போதே பேசி வைப்போம். நாடி பார்க்கும் முறையை வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள். முதல் ஈசிஜியை மூன்று மாதத்துக்குத் தள்ளாமல் முதல் வாரத்திலேயே எடுங்கள். அன்று ஈசிஜியைப் பார்ப்பதற்கு முன்னால், இந்த வாரம் மாடி ஏறியது எப்படி இருந்தது என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.